ஓய்வுக்குப் பின் ஒரு கேமரா

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. வெளிநாட்டுப் பேரனுடன் வீடியோவில் பேசிவிட்டீர்கள், மின்சாரக் கட்டணமும் கட்டிவிட்டீர்கள். இனி இந்தப் பெட்டியை வைத்து என்ன செய்வது என்று கேட்கும் மூத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். ஒரு கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்.

நான் எழுபதைக் கடந்தவன். கோடம்பாக்கத்தில் சினிமா பிலிம் கழுவும் லேபில் வேலை பார்த்து 2011-இல் ஓய்வு பெற்றேன். ஆயிரம் அடி ரோல் ஒன்று திரையில் சுமார் 11 நிமிடம் ஓடும். அதில் 16,000 படங்கள் இருக்கும். அத்தனையையும் இருட்டறையில்தான் கையாள வேண்டும், வெளிச்சம் பட்டால் தொலைந்தது. பகல் வெளிச்சத்தைப் பார்க்காமலே பல ஆண்டுகள் படங்களோடு வாழ்ந்தவனுக்கு, வெளிச்சத்தில் நின்று படம் எடுப்பது ஓய்வுக்குப் பிறகுதான் வாய்த்தது.

மயிலாப்பூர் காட்டும் வழி

இந்தப் பொழுதுபோக்குக்கு நம் ஊரிலேயே ஒரு முன்னோடி இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் மயிலாப்பூர்வாசியுமான மா. கிருஷ்ணன் 1912-இல் பிறந்தவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் புகழ் பெற்றவர். ஒரு கம்பெனியின் கேமரா உடலையும் இன்னொரு கம்பெனியின் லென்ஸையும் தானே பொருத்தி, அந்தக் கனமான கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். 1950 முதல், 1996-இல் தன் 83-வது வயதில் மறையும் வரை, ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கை பற்றிய பத்தியை 46 ஆண்டுகள் எழுதினார். யானையையும் புலியையும் மட்டுமல்ல, வீட்டைச் சுற்றித் திரியும் காக்கை, அணிலையும் அதே அக்கறையோடு கவனித்தவர் அவர். நமக்கு வேண்டியது இந்தக் கடைசிப் பாடம்தான்.

எந்தக் கேமரா?

முதல் ஆறு மாதங்களுக்கு உங்கள் செல்போனே போதும். மரம், பூ, கோபுரம், தெரு எல்லாம் அதில் நன்றாகவே வரும். பறவைகள் மேல் ஆசை வந்த பிறகு, லென்ஸ் மாற்ற வேண்டாத பெரிய ஜூம் கேமராவைப் பாருங்கள். கடையில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது எடை. ஒரு கிலோவைத் தாண்டினால் கழுத்து வலிக்கும். பத்து நிமிடம் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது ஜூம். ‘ஆப்டிகல் ஜூம்’ எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அதுதான் லென்ஸ் செய்யும் வேலை. ‘டிஜிட்டல் ஜூம்’ என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டில் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம்.

மூன்றாவது வியூபைண்டர். வெயிலில் பின்பக்கத் திரை சரியாகத் தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டரும், அதன் பக்கத்தில் ‘டயாப்டர்’ என்ற சிறு சக்கரமும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பார்வைக்குத் தக்கபடி அதைத் திருப்பிக்கொண்டால் பலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட எனக்கு இந்தச் சக்கரம் பெரிய உதவி.

கை நடுங்குகிறதா?

வயதானவர்கள் தயங்குவதற்கு முதல் காரணம் கை நடுக்கம். அதற்கும் வழி உண்டு. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். சுவரிலோ மரத்திலோ சாயுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பட்டனை மெதுவாக அழுத்துங்கள். கேமராவின் மேலுள்ள டயலில் ‘எஸ்’ அல்லது ‘டிவி’ என்ற எழுத்து இருந்தால் அதில் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் கொண்டு போங்கள். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருக்கட்டும். ஒரே அழுத்தலில் தொடர்ந்து ஐந்தாறு படம் எடுக்கும் வசதியையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றாவது தெளிவாக விழும். பிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தான், ஒவ்வொன்றும் காசு. இன்று 32 ஜிபி மெமரி கார்டில், ஒரு படத்துக்கு 6 எம்பி என்று வைத்தாலும், ஐயாயிரம் படம் பிடிக்கும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் தெருவுக்கு. கோடம்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே மைனா, தையல்சிட்டு, செம்போத்து, பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை எல்லாம் எனக்குக் கிடைத்திருக்கின்றன. அடுத்து, உட்கார பெஞ்சு உள்ள இடங்கள்: தி.நகர் நடேசன் பூங்கா, மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வலசைப் பறவைகள் வரும். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் அது. மகனையோ மகளையோ துணைக்கு அழைத்துப் போங்கள். சூரியன் உதித்த பின் முதல் இரண்டு மணி நேரம் வெளிச்சமும் நன்றாக இருக்கும், உடம்புக்கும் சூடு ஏறாது. தண்ணீர், தொப்பி, மாத்திரை மூன்றும் கேமராப் பையிலேயே இருக்கட்டும்.

மனிதர்களை எடுக்கும் முன் கேளுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். ரயில் நிலையத்தில் அனுமதி இல்லாமல் எடுக்க வேண்டாம். கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்கும்படி 2022-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எனவே கோபுரத்தைத் தெருவிலிருந்தே எடுங்கள். பறவைக் கூட்டை நெருங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும்

கம்ப்யூட்டருக்கு வேலை இங்கேதான் ஆரம்பம். கேமராவை யூஎஸ்பி கேபிளால் இணையுங்கள். ‘பிக்சர்ஸ்’ போல்டருக்குள் ஒரு புதிய போல்டர் திறந்து, 2026-01-14 நடேசன் பூங்கா என்பதுபோல் பெயர் கொடுங்கள். ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுதினால் போல்டர்கள் தாமாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். இடத்தின் பெயரைத் தமிழிலேயே டைப் செய்யலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், தேடினாலும் எடுத்துக் கொடுக்கும்.

எல்லாப் படங்களையும் காப்பி செய்யுங்கள். நான்கைந்தைத் திறந்து பார்த்துச் சரியாக வந்திருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே கார்டை பார்மட் செய்யுங்கள். அறுபது எடுத்தால் ஆறு வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை டெலிட் செய்யுங்கள். படத்தைத் திருத்தினால் ‘சேவ் அஸ் காப்பி’ கொடுங்கள், ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும். விண்டோஸ் 11-இல் எழுத்து சிறிதாகத் தெரிந்தால் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ் என்று போய்ப் பெரிதாக்கலாம்.

கடைசியாக, மிக முக்கியமானது. எந்த ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகும். எனவே ஒவ்வொரு படமும் இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். பொறுக்கி எடுத்த படங்களை மட்டும் கூகுள் கணக்கிலும் ஏற்றலாம். ஜிமெயில் உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி வரை இலவசம்.

இதை ஏன் வற்புறுத்துகிறேன்? எங்கள் தெரு முனையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்தது. அதன் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். 2012-இல் நான் எடுத்த மூன்று படங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தேடு கட்டத்தில் ‘தூங்குமூஞ்சி’ என்று டைப் செய்தேன், உடனே கிடைத்தன.

இன்னொரு காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. மூட்டு வலியால் என் மனைவியால் மாடிப்படி இறங்க முடியாது. காலை ஒன்பது மணிக்கு மானிட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றிப் படத்தைப் பெரிதாக்கி, “இது ஆண் குருவி, பெண்ணை எங்கே காணோம்?” என்பாள். கிராமத்தில் வளர்ந்தவள், பறவைகளின் பெயர் என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரியும். மறுநாள் காலை நான் எதைத் தேடிப் போக வேண்டும் என்று சொல்பவளும் அவள்தான்.

செல்போனை சார்ஜில் போடுங்கள். நாளைக் காலை உங்கள் தெருவில் ஒரே ஒரு மரத்தைப் படம் எடுத்து, தேதி போட்ட போல்டரில் சேமித்துப் பாருங்கள்.