தகடூர் முதல் பாரதபுரம் வரை: ஆய்வு நூல்கள் காட்டும் தருமபுரி

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி என்றதும் தமிழ் வாசகர் பலருக்கும் நினைவுக்கு வருபவர், 1925 ஜூலை 23 அன்று அங்கே மறைந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா. அவர் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பி ஆசிரமம் அமைத்ததும், வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டியதும் மேடைகளில் பலகாலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. ஆனால் ஓர் ஊரின் பழமையும் ஒரு மனிதரின் போராட்டமும் மேடைப் பேச்சிலிருந்து வரலாறாக நிலைபெறுவதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் திரட்டி, சோதித்து, பிறரும் சரிபார்க்கும்படி அச்சில் வைக்கும் பணியை ஆய்வு நூல் பதிப்பகங்கள் செய்கின்றன.

ஆய்வு நூல் என்பது கடினமான நடையில் எழுதப்பட்ட நூல் என்று பொருள்படாது. அதில் சொல்லப்படும் ஒவ்வொரு செய்திக்கும் அது எந்த ஆவணத்தில், எந்தக் கல்வெட்டில், எந்த நாளிதழில் உள்ளது என்று அடிக்குறிப்பு காட்டும். இறுதியில் வரும் சொல்லடைவு, அதாவது பெயர்களும் பொருள்களும் எந்தெந்தப் பக்கத்தில் உள்ளன என்னும் அகரவரிசைப் பட்டியல், வேண்டியதை உடனே தேடியெடுக்க உதவும். பல பதிப்பகங்கள் கைப்பிரதியை அத்துறை வல்லுநர்களிடம் கொடுத்து அவர்கள் கருத்தைக் கேட்ட பின்னரே அச்சுக்கு அனுப்புகின்றன.

ஓர் ஊரின் பழமை இவ்வாறு சான்றின் வழியே நிலைபெறுவதற்குத் தருமபுரிப் பகுதியே சிறந்த எடுத்துக்காட்டு. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரர் என்றொரு மரபினரையும் குறிப்பிடுகிறது. இவர்கள் யார் என்பதில் அறிஞர்கள் நெடுங்காலம் கருத்து வேறுபட்டிருந்தனர். திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுத்திரன் என்றே குறித்திருந்ததால் அந்த ஐயம் நீங்கியது. சங்கப் பாடல்கள் போற்றும் தகடூர்தான் இன்றைய தருமபுரி. இக்கல்வெட்டு உட்பட அக்காலத் தமிழ் எழுத்துச் சான்றுகளை ஒரே தொகுப்பில் வாசித்து விளக்கிய ஐராவதம் மகாதேவனின் பெருநூலை 2003-இல் சென்னையின் க்ரியா பதிப்பகமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் இணைந்து வெளியிட்டன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூலின் பயன் தருமபுரியில் தமிழ்வழி பயிலும் மாணவரையும் எட்ட வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

சிதறிக் கிடந்த சான்று நூலாகி வரலாறானது இம்மாவட்டத்தின் நடுகற்களுக்கும் பொருந்தும். ஆநிரை மீட்கும் பூசலிலோ ஊர்க்காவலிலோ உயிர்விட்ட வீரனின் உருவத்தையும் பெயரையும் பொறித்து நாட்டப்படும் கல் நடுகல். இவற்றுள் பழையவை பலவும் பண்டைய எழுத்து வகையான வட்டெழுத்தில் உள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, அதன் இயக்குநராக இருந்த இரா. நாகசாமியின் முயற்சியில் 1970-களில் அண்டைப் பகுதியான செங்கத்தின் நடுகற்களையும் தருமபுரிக் கல்வெட்டுகளையும் நூலாக்கியது. மன்னர் புகழ் பாடும் கல்வெட்டுகளுக்கு நடுவே, மாடு மீட்கப் போய் இறந்த ஒருவனின் பெயரும் வாசிக்கத்தக்க வரலாறாயிற்று.

சிவாவின் காலத்துக்கு வந்தால், அண்மையில் வெளிவந்தவற்றுள் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ முதன்மையானது. காலச்சுவடு வெளியிட்ட இந்நூல் 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1908 மார்ச் 12 அன்று விடுதலைப் போராட்டத் தலைவர் வ.உ.சி.யும் (வ.உ. சிதம்பரம் பிள்ளை) சிவாவும் கைது செய்யப்பட, மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்து எழுந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தலைவர்களின் வரலாற்றில் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்பட்ட அந்த ஒரு நாளையும், அதில் தெருவில் இறங்கிய எளிய மக்களையும் முழுநூலின் பொருளாக்கியதே இதன் பெருமை. சிவாவின் சொற்பொழிவுகளைக் கேட்டுப் போலீசார் எடுத்த குறிப்புகள் அவரைத் தண்டிப்பதற்கான சாட்சியங்களாயின; கீழ்நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்க, உயர்நீதிமன்றம் அதை ஆறாண்டாகக் குறைத்தது. ஆளுவோர் தம் பாதுகாப்புக்காக எழுதி வைத்த தாள்களே ஆளப்பட்டோரின் குரலை நமக்குத் தருகின்றன; எனினும் எழுதியவரின் நோக்கத்தைக் கணக்கிலெடுத்து எச்சரிக்கையோடு வாசிப்பவருக்கே அக்குரல் கேட்கும்.

1912-இல் தொழுநோயுடன் சிறையிலிருந்து வெளிவந்த சிவா, நோயைக் காரணம் காட்டி ரயிலில் செல்வது தடுக்கப்பட்ட பின்பும் நடந்தும் வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். கடைசியில் பாப்பாரப்பட்டிக்கு வந்து, தம் ஆசிரமம் அமைந்த இடத்துக்குப் பாரதபுரம் என்று பெயரிட்டார். அந்தக் கடைசி ஆண்டுகளும் மேற்சொன்ன முறையில் ஆராயப்படத் தக்கவை. ஆசிரமத்துக்கு நிலம் எவ்வாறு கிடைத்தது, அங்கே தங்கியோர் எந்தச் சாதிகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்தனர், தொழுநோயைக் கண்டு அஞ்சிய காலத்தில் அவ்வூர் மக்கள் அவரை எவ்வாறு ஏற்றனர் என்ற கேள்விகளுக்கு விடை தேடுவோர், பத்திரப்பதிவுகளையும் பழைய நாளிதழ்களையும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கோப்புகளையும் பாப்பாரப்பட்டி முதியவர்களின் நினைவுகளோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.