பாட்டி பேசிக்கொண்டிருந்தார், கணினி தூங்கிவிட்டது

சென்ற பருவத்தில் பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாறு பற்றிய பாடம் ஒன்றை எடுத்திருந்தேன். குடும்பத்தில் மூத்தவர் ஒருவரைப் பேட்டி கண்டு, ஒலிப்பதிவு செய்து, அதை எழுத்தாக்கிக் கொடுக்க வேண்டும். யாரைப் பேட்டி காண்பது என்று நான் யோசிக்கவே இல்லை. யீஷூனில் இருக்கும் என் பாட்டிதான்.

பாட்டிக்கு வயது 81. திருமணமான புதிதில் செம்பவாங் கடற்படைத் தளத்தின் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர். தாத்தா அங்கே கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்தார். இப்போது யீஷூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் அப்போது கேன்பரா ரோட்டில் இருந்தது. அங்கு நடந்த பங்குனி உத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாட்டி நிறுத்தமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, யுஎஸ்பி ஒலிவாங்கியைப் பொருத்தினேன். மின்னூட்டியைச் செருகினால் ஹெட்ஃபோனில் ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல். பிடுங்கியதும் நின்றது. மின்கலத்தில் 90 விழுக்காடு இருந்தது. போதும் என்று நினைத்தேன். நான் செய்த முதல் தவறு அது.

பதிவு பொத்தானை அழுத்திய ஐந்தாவது நிமிடத்தில் திரை அணைந்தது. திரைதானே, பதிவு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். பேசிக்கொண்டிருந்த பாட்டியை இடைமறிக்கவும் மனம் வரவில்லை. இரண்டாவது தவறு அது.

பாட்டி ஒரு மணி 40 நிமிடம் பேசினார். பிரிட்டிஷ் படைகள் வெளியேறப் போவதாக 1968ல் செய்தி வந்த இரவு, தாத்தா வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் என்பதையும் சொன்னார். அதை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

முடிந்ததும் விசைப்பலகையைத் தட்டித் திரையை எழுப்பினேன். ஒலிக்கருவியைக் காணவில்லை என்று ஒரு பிழைச்செய்தி. பதிவின் நீளம் 20 நிமிடங்களும் சில விநாடிகளும். மீதி 80 நிமிடங்கள் எங்குமே இல்லை.

“என்ன ஆச்சு கண்ணு?” என்றார் பாட்டி. சொன்னேன். “சரி போகட்டும், வா சாப்பிடலாம்” என்று எழுந்து போய்விட்டார்.

திரை அணைவது வேறு, கணினி உறங்குவது வேறு

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் என்ன நடந்தது என்று தேட ஆரம்பித்தேன். முதலில் புரிந்துகொண்டது இதுதான்: திரை அணைவதற்கு ஒரு கடிகாரம், கணினி உறங்குவதற்கு இன்னொரு கடிகாரம். இரண்டும் நாம் கடைசியாக விசைப்பலகையையோ சுட்டியையோ தொட்ட நொடியிலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. பாட்டி பேசுவதைக் கணினி ஒரு ‘நடவடிக்கையாக’ எடுத்துக்கொள்வதில்லை. கை படவில்லை என்றால் ஆள் இல்லை என்றே அது நினைத்துக்கொள்கிறது.

திரை மட்டும் அணைந்தால் உள்ளே எல்லா வேலையும் நடக்கும். கணினி உறங்கினால் கதை வேறு. வழக்கமான உறக்கத்தில் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், செயலி நின்றுவிடும். ஆழ்ந்த உறக்கமான ‘ஹைபர்னேஷன்’ நிலையில், நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தையே நிறுத்திவிடும். இந்த நிலைகளுக்கான பொது விதிமுறையான ‘ஏசிபிஐ’யை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996 டிசம்பரில் வெளியிட்டன. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் கைப்பேசியைப் போன்ற அரைத்தூக்க நிலையும் உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்புத் திரைதான். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

‘தூங்காதே’ என்று கேட்கும் உரிமை

அப்படியென்றால் ஒலிப்பதிவு மென்பொருள் என்னதான் செய்துகொண்டிருந்தது?

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ‘எனக்கு வேலை இருக்கிறது, உறங்க வேண்டாம்’ என்று மென்பொருள்கள் இயங்குதளத்திடம் கோரிக்கை வைக்கலாம். நீங்கள் இரண்டு மணி நேரப் படம் பார்க்கும்போது கணினி பாதியில் தூங்காமல் இருப்பது இதனால்தான். வேலை முடிந்ததும் மென்பொருள் கோரிக்கையைத் திரும்பப் பெறும், கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கும்.

ஆனால் அந்தக் கோரிக்கைக்கு எல்லை உண்டு. சில புதிய வகை மடிக்கணினிகளில், மின்கலத்தில் ஓடும்போது, உறக்க நேரம் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் கோரிக்கை ரத்தாகிவிடும். என் அமைப்பில் உறக்க நேரம் 15 நிமிடம். அதோடு ஐந்தைக் கூட்டினால் 20. பாட்டியின் பதிவு நின்றதும் 20ல்தான்!

உறுதிசெய்துகொள்ள ஒரு சோதனை செய்தேன். வானொலியை ஓடவிட்டு, அதே மென்பொருளில் பதிவு செய்தேன், எதையும் தொடவில்லை. மின்கலத்தில் 20 நிமிடத்தில் நின்றது. மின்னூட்டியைச் செருகியபோது ஒரு மணி நேரமும் ஓடியது.

இந்த விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. கோரிக்கையைத் திரும்பப் பெற மறந்துபோகும் மென்பொருள்களும் இருக்கின்றன. அவற்றுக்கு எல்லை வைக்காவிட்டால் கணினி உறங்கவே உறங்காது, அடுத்த நாள் விரிவுரைக்கு வரும்போது மின்கலம் காலியாகியிருக்கும். மின்சாரத்தைக் காப்பாற்ற எழுதிய விதியைத் தெரிந்துகொள்ளாமல் போனது என் குறை.

நிரம்பும் வாளி

ஒலிவாங்கியில் விழும் குரல், சாதாரணமாக விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. அந்த எண்கள் நினைவகத்தில் ஒரு சிறிய இடத்தில் வந்து சேரும். குழாயடியில் வைத்த வாளி போல. மென்பொருள் அந்த வாளியை ஓயாமல் காலி செய்து வட்டில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கணினி உறங்கியதும் வாளியைக் காலி செய்ய ஆள் இல்லை. யுஎஸ்பி வழியாக ஒலிவாங்கிக்குப் போன மின்சாரமும் நின்றுவிடலாம், அப்போது குழாயே மூடிக்கொண்டது போலாகிறது. விழித்தெழும்போது அதே ஒலிவாங்கியைக் கணினி புதிதாகச் செருகிய கருவியாக எடுத்துக்கொள்ளவும் கூடும். பழைய கருவியைத் தேடும் மென்பொருள் ‘காணவில்லை’ என்கிறது.

முதல் 20 நிமிடங்கள் தப்பியதற்குக் காரணம், மென்பொருள் அவற்றை அவ்வப்போது வட்டில் எழுதிவிட்டதுதான். மீதி 80 நிமிடங்கள் அழிந்துபோகவில்லை. அவை பதிவாகவே இல்லை. மீட்பு மென்பொருள் எதைக் கொண்டும் அவற்றை எடுக்க முடியாது.

உங்கள் பதிவு பாதியில் நின்று, கோப்பு திறக்க மறுத்தால் மட்டும் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். ‘வேவ்’ கோப்பின் தலைப்பகுதியில் ஒலியின் நீளம் குறிக்கப்படுகிறது. பதிவு முறையாக முடியாதபோது அந்தக் குறிப்பு பிழையாக இருக்கலாம். ஒலி உள்ளேயே இருக்கும். ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருளில் ‘ரா டேட்டா’ என்ற இறக்குமதி வசதி மூலம் அதை எடுத்துப் பார்க்கலாம்.

பழைய கேசட் கருவியைப் பற்றி அப்பா சொன்னார். நாடா சுழல்வது கண்ணுக்குத் தெரியும், தீர்ந்தால் ‘டக்’ என்று பொத்தான் மேலே எழும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் பேட்டி எடுத்தவர்களுக்கு அந்த ‘டக்’ ஓர் எச்சரிக்கை. என் கணினி சத்தமே இல்லாமல் நின்றது.

பதிவுக்கு முன் செய்ய வேண்டியவை

நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன். பேட்டிக்கு மட்டுமல்ல, வலையொலி தயாரிப்போருக்கும், இரவு முழுக்க ஒரு பாடல் கலவையை ஏற்றுமதி செய்ய விட்டுவிட்டுத் தூங்கப்போகும் இசை மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலாவது, மின்னூட்டியைச் செருகுங்கள். இரைச்சல் வந்தால் ஒலிவாங்கிக் கம்பியை அதிலிருந்து தள்ளி வையுங்கள், வேறு மின்செருகியைப் பயன்படுத்திப் பாருங்கள். எனக்குப் பெரும்பாலான இரைச்சல் இதிலேயே அடங்கியது.

இரண்டாவது, உறக்க நேரத்தை மாற்றுங்கள். விண்டோஸ் 11ல் ‘செட்டிங்ஸ்’, அதில் ‘சிஸ்டம்’, அதில் ‘பவர்’ பகுதிக்குச் செல்லுங்கள். மின்கலத்துக்கு ஒன்று, மின்னூட்டிக்கு ஒன்று என இரண்டு உறக்க நேரங்கள் இருக்கும். இரண்டையும் ‘நெவர்’ என்று வையுங்கள். மேக் மடிக்கணினியில் ‘பேட்டரி’ அமைப்புகளின் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில், திரை அணைந்தாலும் உறங்காமலிருக்கும் தெரிவு உண்டு. ஆனால் அது மின்னூட்டி செருகியிருக்கும்போதுதான் வேலை செய்யும்.

அமைப்பை மாற்ற விரும்பாதவர்களுக்கும் வழி உண்டு. மேக் கணினியின் ‘டெர்மினல்’ சாளரத்தில் ‘கேஃபினேட்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், அதை நிறுத்தும்வரை கணினி தானாக உறங்காது. 2012ல் வந்த வசதி அது. விண்டோசுக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பவர்டாய்ஸ்’ தொகுப்பில் ‘அவேக்’ என்ற கருவி இருக்கிறது. அதன் சின்னம் ஒரு காப்பிக் கோப்பை. தேர்வுக்கு முந்தைய இரவு கோப்பி-ஓவின் துணையுடன் விழித்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர்களை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, மூடியில் கை வைக்காதீர்கள். நாமே மூடியை மூடினால் அது உறங்கச் சொல்லும் கட்டளை. எந்த மென்பொருளின் கோரிக்கையும் அதன்முன் நிற்காது. மேசையில் இடம் வேண்டும் என்று யாராவது பாதி மூடிவிடவும் கூடும், வீட்டில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

நான்காவது, ஒலிக்கருவியும் தனியாக உறங்கும். விண்டோசின் கூடுதல் மின் அமைப்புகளில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்று ஒன்று உண்டு. பயன்பாட்டில் இல்லை என்று தோன்றும் யுஎஸ்பி கருவியை அது ஓய்வுக்கு அனுப்பும். ஒலிவாங்கி அடிக்கடி துண்டிக்கப்பட்டால் அதை அணைத்துப் பாருங்கள். புளூடூத் ஒலிபெருக்கிகள் பலவும் சிறிது நேரம் சத்தம் இல்லாவிட்டால் தாமாகவே அணைந்துவிடும். நடன நிகழ்ச்சிக்குக் கணினியிலிருந்து பாட்டுப் போடுபவர்கள், வரவேற்புரை நீளும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 16 பிட் தரத்தில், சுருக்கப்படாத ஒற்றைத்தடப் பதிவுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 320 மெகாபைட் தேவை. 32 பிட் என்றால் அதைப்போல் இரு மடங்கு.

ஆறாவதுதான் மிக முக்கியம். முதல் நாளே ஒத்திகை பாருங்கள். உங்கள் உறக்க நேரத்தைவிட அதிக நேரம், குறைந்தது அரை மணி நேரம், எதையும் தொடாமல் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடம் பேசி, ‘நன்றாகக் கேட்கிறது’ என்று நிறுத்திக்கொள்வது சோதனை ஆகாது. நான் அப்படித்தான் நிறுத்திக்கொண்டேன். கூடவே கைப்பேசியை விமானப் பயண நிலையில் வைத்து, அதிலும் ஒரு பதிவை ஓடவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அமைப்புகளைப் பழையபடி மாற்றிவிடுங்கள். கணினிக்கும் உறக்கம் தேவை. உறங்காத கணினியைப் பைக்குள் வைத்தால் அது சூடாகும், மின்கலமும் வீணாகும்.

இரண்டாவது முறை

அடுத்த வாரம் மீண்டும் பாட்டி வீட்டுக்குப் போனேன். மின்னூட்டி இருந்தது, கைப்பேசி இருந்தது, உறக்க நேரம் ‘நெவர்’. கருவிகளில் ஒரு குறையும் இல்லை.

“அதான் அன்னிக்கே சொல்லிட்டேனே, திரும்பவுமா?” என்றார் பாட்டி. ஆனாலும் எனக்காக உட்கார்ந்தார். முன்பு ஒரு மணி 40 நிமிடம் நீண்ட கதை, 35 நிமிடத்தில் முடிந்தது. எனக்குத் தெரியும் என்று நினைத்த இடங்களையெல்லாம் தாண்டிப் போனார். 1968ல் அந்த இரவு தாத்தா என்ன சொன்னார் என்று நானே கேட்டேன். “என்னமோ சொன்னாரு, விடு” என்று சிரித்துவிட்டார்.

அவர் முதல்முறை சொன்னதை நினைவில் இருந்தவரை எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அவை என் வார்த்தைகள், பாட்டியின் குரல் அன்று. பாடத்துக்கு மதிப்பெண் கிடைத்துவிட்டது. எனக்கு அது போதவில்லை.

அதனால் இப்போது மாதத்துக்கு ஒருமுறை யீஷூனுக்குப் போகிறேன். ஏதாவது ஒன்றைப் பேசுகிறோம், பதிவு ஓடுகிறது. போன மாதம் குடியிருப்பின் பொதுக் குழாயடியில் நடந்த சண்டை ஒன்றைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், முதல்முறை அது வரவே இல்லை. அந்த இரவைப் பற்றி இன்னும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

விடுமுறை வருகிறது. உங்கள் வீட்டிலும் கதை சொல்லத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். போய் உட்காருங்கள். உட்காருவதற்கு முன், உங்கள் கணினியின் உறக்க நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.