முகத்து முடியும் மூலிகை மருந்தும்

மேலுதட்டிலும் மோவாயிலும் ஆடவர்க்குரிய முடி அரும்பத் தொடங்கினால், இளம் பெண்ணொருத்தி பிறர் முகம் பார்த்துப் பேசும் துணிவையே இழந்துவிடுகிறாள். கோயிலுக்குள் அணியும் முக்காட்டை வீதியிலும் தாழ இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். பெண் பார்க்க வருவோர் என்ன சொல்வார்களோ என்று தாய்மார் கலங்குகின்றனர். அக்கலக்கத்தில் அண்டை வீட்டார் சொன்ன பச்சிலை, சந்தையில் விற்ற பசை, பெயரே தெரியாத சூரணம் என்று ஒவ்வொன்றாக முயன்று பார்க்கின்றனர். இதைப்பற்றி வாய்விட்டுப் பேசுவது நம் குடும்பங்களில் வழக்கமில்லை. ஆயினும் பேசாதிருப்பதால் நேரும் கேடு சிறிதன்று ஆதலால் எழுதத் துணிந்தோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். முகத்தில் முடி உள்ள பெண்கள் யாவரும் நோயாளிகள் அல்லர். தாய்வழியாகவோ தந்தைவழியாகவோ வரும் உடல்வாகினாலும், மாதவிலக்கு நின்ற பின் வரும் மாறுதலினாலும் சிலருக்கு மோவாயில் நாலைந்து முடி தடிப்பது உண்டு. மாதவிலக்கும் தவறி, முகப்பருவும் மிகுந்து, உடலும் பருத்து, அத்துடன் முடியும் வளருமாயின் கவனிக்க வேண்டும்.

இது புதிய நோயுமன்று. ஸ்பானிய ஓவியர் ரிபேரா 1631-இல் நேப்பிள்ஸ் நகரில் தீட்டிய படமொன்றில், மக்தலேனா வெந்தூரா என்னும் மாது நீண்ட தாடியுடன், கைக்குழந்தையை மார்பில் அணைத்து, கணவன் பின்னே நிற்கக் காட்சியளிக்கிறார். அவருக்கு அப்போது வயது 52 என்றும், முடி வளரத் தொடங்கியது 37-ஆம் வயதில் என்றும் அப்படத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அக்காலத்தார் அதை அதிசயமாகப் பார்த்தனர். 1935-இல் சிக்காகோ மருத்துவர்களான ஸ்டைன், லெவென்தால் என்னும் இருவர், மாதவிலக்குத் தவறுதல், மிகை முடி, சூலகம் பருத்தல் ஆகியவை ஒருங்கே உள்ள 7 பெண்களைப்பற்றி எழுதினர். இன்று 'நீர்க்கட்டி' என்று வீட்டுக்கு வீடு பேசப்படுவது அதுவே. கருவுறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேர் வரை இதற்கு ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பு.

கணையம் சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவரக் கீழ்ப்படியாதபோது, இரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. ஏறிய இன்சுலின் சூலகத்தைத் தூண்டி, ஆண்தன்மைக்குரிய டெஸ்டாஸ்டிரோனை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது. அதனைக் கட்டி வைக்கும் புரதத்தைக் கல்லீரல் ஆக்குவதையும் குறைக்கிறது. கட்டவிழ்ந்த டெஸ்டாஸ்டிரோன் முகத்துப் பூனைமயிரைக் கறுத்த தடித்த முடியாக மாற்றுகிறது. ஆகவே முடி வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. உள்ளே நீரிழிவு வரும் வழி திறந்துகிடக்கிறது என்பதைத் தாய்மார் மறக்கலாகாது.

ஆயுர்வேதம் இதனை எவ்வாறு நோக்குகிறது? இந்நோய்க்குப் பழைய நூல்களில் தனிப்பெயர் இல்லை. ஆனால் ஆர்த்தவம் கெடுவதும் நின்றுபோவதும் சுசுருத சம்ஹிதையில் பேசப்படுகின்றன. கபமும் மேதசும் பெருகி, செரிமானத் தீ மந்தித்து, உடலின் வழிகள் அடைபடுவதால் வருவது என்று இன்றைய வைத்தியர்கள் விளக்குவர். எனவே அவர்கள் முதலில் உணவையும் உறக்கத்தையும் நடையையும் சீர்செய்து, பிறகே திரிபலை, தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப்பட்டை, மந்தாரைப்பட்டை சேர்ந்த குக்குலு போன்றவற்றை ஆளுக்கேற்பக் கொடுப்பர். இந்த வரிசை நமக்கு மிகவும் பிடித்தது. பருத்த உடலினர் தம் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே மாதவிலக்குச் சீராவதுண்டு என்று ஆங்கில மருத்துவரும் சொல்லுகின்றனர். மூன்று வேளையும் வெள்ளைச் சோறும், மாலையில் சீனி மிகுந்த காப்பியும் பலகாரமும் உண்டுவிட்டுச் சூரணத்தின்மேல் பழி போடுவது நியாயமாகாது.

மூலிகைகளுள் அதிமதுரத்துக்குச் சிறிது சான்று உண்டு. 2004-இல் இத்தாலியில் நலமுள்ள 9 பெண்கள் நாளொன்றுக்கு 3.5 கிராம் உண்டபோது டெஸ்டாஸ்டிரோன் குறைந்தது. ஆனால் அதிமதுரம் நெடுநாள் உண்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். புதினா இனத்தைச் சேர்ந்த ஸ்பியர்மின்ட் தேநீரை 2007-இல் துருக்கியில் 21 பெண்களுக்கு ஐந்து நாள் கொடுத்துப் பார்த்தனர். அங்கும் சுரப்பு தணிந்தது. 2010-இல் 42 பெண்களிடம் முப்பது நாள் செய்த சோதனையில் சுரப்பு தணிந்தும், மருத்துவர் அளந்த முடியின் அளவு மாறவில்லை. முடியின் வளர்ச்சிச் சுற்று நீண்டது. எந்த மருந்தாயினும் பலன் தெரிய ஆறு மாதமாகும்.

கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் பாட்டிமார் தந்த சொத்து. அவற்றை வெறுக்கச் சொல்லோம். ஆனால் தடித்துவிட்ட முடியைப் பூச்சு மட்டும் வேரோடு நீக்குவதில்லை. சிலருக்குத் தோல் வெந்துபோவதும் உண்டு. மழித்தால் முடி இன்னும் தடிக்கும் என்ற பயமும் வீண். 1928-லேயே அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்னும் பெண் விஞ்ஞானி சோதித்து, அது பொய் என்று காட்டினார்.

இலைச்சரக்கு என்பதாலேயே தீங்கில்லை என்று எண்ணுவது தவறு. அமெரிக்காவின் பாஸ்டன் நகர்க் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் செய்யப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், பாஷாணம் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ கண்டனர். முகவரியற்ற பொட்டலத்தை மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் முன் இதை நினைக்க வேண்டும். கருப்பையைத் தூண்டும் மருந்துகளைக் கர்ப்பம் தரித்திருக்கக் கூடிய பெண் தானாக உண்ணலாகாது. சில மாதங்களிலேயே முடி விரைந்து வளர்ந்து, குரலும் தடித்தால், சூலகத்திலோ சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். அங்கே கஷாயம் காய்ச்சிக் காலம் போக்குவது ஆபத்து.

"கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்" என்னும் பேச்சும் நம் காதில் அடிக்கடி விழுகிறது. கல்யாணம் நீர்க்கட்டிக்கு மருந்தன்று. மணமான மறு வருடமே பிள்ளையில்லை என்று மருமகளைக் குத்திப் பேசும் மாமியாரும், அவள் மூன்று மாதமாக விலக்காகவில்லை என்பதைக் கேட்டறிந்து வைத்தியரிடம் அழைத்துச் சென்றிருக்கலாம். தக்க சிகிச்சையால் இவர்களுள் பெரும்பாலோர் தாயாகின்றனர்.

நாட்டு வைத்தியம் வேண்டுவோர் நாகர்கோவில் கோட்டாற்றிலுள்ள அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரிக்கோ, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கோ செல்லலாம். போகும்போது சர்க்கரை, தைராய்டு, டெஸ்டாஸ்டிரோன் சோதனை முடிவுகளையும், ஸ்கேன் படத்தையும், ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை உண்பவராயின், ஊறவைத்த வெந்தயம் உண்பதையும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடும்.