கம்பி வழி – 9: மௌனம் எத்தனை நொடி?

ஒரு பாதை அடைபட்டால் தகவல் மறுபாதையில் போகும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அடைபட்டது என்று சுவிட்ச்சுக்கு யார் சொல்வது?

ஆம்பூரில் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டையில் டேனரி, சென்னையில் ஏற்றுமதி அலுவலகம். தோல் தொழிலில் ஒரே நிறுவனம் இப்படி மூன்று ஊரில் இயங்குவது புதிதல்ல. சரக்கு இருப்பும் ஷிப்பிங் பில்லும் இவற்றுக்கிடையே ஓயாமல் ஓடுகின்றன. பாலாற்றை மாசிலிருந்து காக்க உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு எழுதிய வட்டாரம் ஆம்பூரும் ராணிப்பேட்டையும். தோல் பதனிடும் ஆலைகள் உட்பட 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீர் அளவீடுகளை இடைவிடாமல் ஆன்லைனில் அனுப்பவேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. இங்கே லைன் போனால் மின்னஞ்சல் மட்டும் நிற்பதில்லை. பதிவேட்டிலும் ஓட்டை விழுகிறது.

அதனால்தான் இரண்டு லைன் வாங்குகிறார்கள். முதல் லைன் அறுந்ததும் இரண்டாவது தானாக எடுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. நடப்பது வேறு. ஃபைபர் நேராக நம் சுவிட்ச்சில் செருகியிருந்தால், அறுந்த கணமே போர்ட் செத்துவிடும். பெரும்பாலும் நடுவே லைன் கொடுத்தவரின் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். பள்ளிகொண்டா பக்கம் ஜேசிபி கேபிளை அறுத்தாலும், நமக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையே பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சுவிட்ச்சும் செத்த பாதையிலேயே தகவலைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் நெய்பரும் (எதிர்முனைக் கருவி) டைமரும் வருகின்றன. ஒரு நிறுவனத்துக்குள் பெரும்பாலும் ஓடும் பாதைத் தேர்வு நெறிமுறை ஓஎஸ்பிஎஃப். ஈதர்நெட் இணைப்பில் அது 10 நொடிக்கு ஒருமுறை ‘ஹலோ’ சொல்லும். 40 நொடி எதிர்முனையிலிருந்து சத்தமே இல்லையென்றால் நெய்பர் இறந்ததாகக் கணக்கு. நெய்பரைப் பெயர் சொல்லி எழுதத் தேவையில்லை. ஹலோ கேட்டே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் இரு முனையிலும் இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 5 என்றால் உறவே கிடையாது.

நிறுவனங்களுக்கு இடையே ஓடும் பிஜிபி வேறு குணம். 1989-ல் சாப்பாட்டு மேசை நாப்கினில் கிறுக்கிப் பிறந்ததாகச் சொல்லப்படும் இந்த நெறிமுறையில் நெய்பரின் முகவரியையும் அதன் நெட்வொர்க் எண்ணையும் (ஏஎஸ்) நாமே எழுதவேண்டும். டைமரில் பேரம் உண்டு: இரு பக்கமும் சொல்லும் காத்திருப்பு நேரங்களில் சிறியதே செல்லும். சிஸ்கோ கருவிகளில் வழக்கம் 60 நொடிக்கு ஒரு செய்தி, 180 நொடி பொறுமை. மூன்று நிமிடம்! ஷிப்பிங் பில் போடுகிறவருக்கு அது ஒரு யுகம்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரு நொடிக்குக் குறைத்துவிடலாமா? சுவிட்ச்சின் சிபியு ஒரு கணம் திணறினாலோ, லைனில் லேசாக நெரிசல் ஏற்பட்டாலோ, உயிரோடு இருக்கும் நெய்பரைச் செத்ததாக அறிவித்துவிடும். பாதை மாறும், திரும்பும், மறுபடி மாறும். உண்மையான அறுப்பைவிட இந்தத் தள்ளாட்டம் மோசம். விரைவு வேண்டுமானால் அதற்கென்றே உள்ள பிஎஃப்டி என்ற நெறிமுறையை வைப்பது நல்லது. 300 மில்லி நொடிக்கு ஒரு துடிப்பு, மூன்று தவறினால் அறிவிப்பு என்று வைத்தால், ஒரு நொடிக்குள் முடிவு தெரியும். இரு முனைக் கருவியும் அதற்கு ஒத்துழைக்கவேண்டும்.

மாற்றும் முறையிலும் சூட்சுமம் உண்டு. ஆம்பூரில் உட்கார்ந்து ராணிப்பேட்டை சுவிட்ச்சின் ஹலோவை மாற்றுகிறீர்கள் என்றால், தூரத்து முனையை முதலில் மாற்றுங்கள். உடனே உள்ளூர் முனையை. வரிசை மாறினால், தூரத்துக் கருவியை எட்டும் பாதையை நீங்களே அடைத்திருப்பீர்கள். மாற்றத்தைத் தொடங்கும் முன்பே, பத்து நிமிடத்தில் தானாக ரீலோட் ஆகும்படி கட்டளை கொடுத்து வைத்து, சரிபார்க்கும் வரை மாற்றத்தைச் சேமிக்காமல் இருப்பது அனுபவசாலிகளின் பழக்கம். எல்லாம் சரியென்றால் ரீலோடை ரத்து செய்து, மாற்றத்தைச் சேமிக்கலாம். சிக்கிக்கொண்டால் கருவி பழைய நிலைக்குத் தானே திரும்பும். பிஜிபியில் புதிய டைமர் பொதுவாக உறவு புதுப்பிக்கப்பட்ட பிறகே அமலாகும். அதனால் ஷிப்ட் இல்லாத நேரம் பாருங்கள்.

இத்தனையும் செய்தபின் லைன் கொடுத்த இருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் ஃபைபர் எந்த வழியாக வருகிறது? வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை ஆறு, நெடுஞ்சாலை, ரயில் பாதை மூன்றும் மலைகளுக்கு நடுவே ஒரே பள்ளத்தாக்கில்தான் ஓடுகின்றன. இரு நிறுவனங்களின் கேபிளும் சாலையின் ஒரே ஓரத்தில் புதைந்திருந்தால், ஒரு ஜேசிபிக்கு இரண்டும் பலி. டைமர் அறுப்பைக் கண்டுபிடிக்கும். இல்லாத பாதையை உண்டாக்காது. ஒன்று சாலையோரம், மற்றது ரயில் பாதையோரம், அல்லது ஒன்றாவது கம்பியில்லா இணைப்பு என்று எழுத்தில் வாங்கிய பிறகே நொடிகளைக் குறைக்கும் வேலையில் இறங்கவேண்டும்.

(அடுத்த வாரம்: நெய்பர் பொய் சொன்னால்? 2008-ல் பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்கப்போய் உலகின் பல பகுதிகளில் அது முடங்கிய கதை.)