காகத்தின் மூளைக்குள் உங்கள் முகம்! தெரியுமா?

ஒரு மனித முகத்தைப் பார்த்ததும் காகத்தின் மூளையில் எந்த இடம் சட்டென விழித்துக்கொள்கிறது என்று படமே எடுத்துவிட்டார்கள், தெரியுமா? அதுவும் காகத்தைக் கொல்லாமல்!

அமெரிக்காவின் சியாட்டில் நகரம். வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006-ல் குகை மனிதன் முகமூடியை மாட்டிக்கொண்டு, வளாகத்தில் 7 காகங்களைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விட்டார்கள். அவ்வளவுதான்! அதன்பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூட்டம் கூடிக் கரைந்து தீர்த்தன. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. அன்று முட்டைக்குள்கூட இல்லாத குஞ்சுகள் வளர்ந்து, அவையும் திட்டின!

இந்தப் பகை மூளையில் எங்கே குடியிருக்கிறது? 2012-ல் வெளியான ஆய்வில் விடை கிடைத்தது. ஒரு முகமூடி போட்டவர்கள் 12 காகங்களைப் பிடித்தார்கள். வேறொரு முகமூடி போட்டவர்கள் நான்கு வாரம் தீனி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, லேசான கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தி, விழித்திருக்கும் காகத்துக்கு ஒரு முகத்தைக் காட்டினார்கள். மூளையில் மும்முரமாக வேலை செய்யும் பகுதி அந்தச் சர்க்கரையை அள்ளிக்கொள்ளும்; அள்ளியது அங்கேயே தங்கிவிடும். ஆகவே, அப்புறம் மயக்க மருந்து கொடுத்து பெட் ஸ்கேனில் படுக்கவைத்தாலும், விழித்திருந்தபோது நடந்தது படத்தில் தெரியும்! முடிவைவிட இந்த யோசனைதான் எனக்குப் பேரதிசயமாகப் படுகிறது. விழித்திருக்கும் காட்டுக் காகத்தை ஸ்கேனருக்குள் அசையாமல் இருக்கவைக்க யாரால் முடியும்?

பிடித்தவரின் முகத்துக்கு அமிக்டலா பளிச்சிட்டது. நமக்கும் பயத்தைக் கிளப்பும் அதே பகுதி! தீனி வைத்தவரின் முகத்துக்கோ பசியோடும் ஆர்வத்தோடும் கற்றலோடும் தொடர்புள்ள பகுதிகள் விழித்தன. ஆய்வு முடிந்ததும் காகங்களைப் பறக்கவிட்டார்கள்.

காகம் மட்டுமல்ல, மற்றப் பறவைகளின் மூளையையும் இப்படி எட்டிப் பார்க்கிறார்கள். கருந்தலை சிக்கடி என்றொரு குட்டிக் குருவி. தீனியை ஆயிரக்கணக்கான இடங்களில் ஒளித்துவைத்து, தேடி எடுத்துத் தின்னும். கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் அதன் மூளையில் நினைவைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸில் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறை ஒளிக்கும்போதும் நியூரான்கள் தனித்தனி ‘பார்கோடு’ போடுகின்றன! ஒரே பொந்தில் இரண்டு முறை ஒளித்தால் இரண்டு பார்கோடு. எடுக்கப் போகும்போது அதே பார்கோடு மீண்டும் எழுகிறது. 2024-ல் வந்த செய்தி இது.

புறாக்கள்? ஜெர்மனியின் போஹும் நகரில், அவற்றை எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே தூங்கப் பழக்கிவிட்டார்கள்! 2023-ல் வெளியான அந்த ஆய்வில், கண்கள் துடிக்கும் தூக்க நிலையில், பார்வைப் பகுதிகள் சுறுசுறுப்பாயின. பறக்கும்போது கண்முன் விரைந்தோடும் காட்சிகளைக் கவனிக்கும் பகுதிகளும் அவற்றில் அடக்கம். புறா பறப்பதாகக் கனவு காண்கிறதோ என்று ஆய்வாளர்களே கேட்கிறார்கள். அடுத்து, தூங்கும் பறவையை எழுப்பி, இப்போது என்ன பார்த்தாய் என்பதை அதுவே தெரிவிக்கும்படி பழக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை!