மழை நாளில் குழந்தைக்கு விளையாட்டே காவல்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் பெய்கிறது. தீபாவளி விடுமுறையும் அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் பெரும்பாலும் இம்மாதங்களிலேயே வருகின்றன. நகரத்தில் வாழும் குடும்பங்கள் கிராமத்துத் தாத்தா பாட்டி வீட்டுக்குப் புறப்படும் நாள்களும் இவையே. தோட்டம், தொழுவம், வாய்க்கால், வயல் என்று குழந்தைக்குக் காட்ட எண்ணியவை எல்லாம் மழைக்கு அப்பால் நின்றுவிடுகின்றன. கூடத்துக்குள் குழந்தையும் பெரியவர்களும் அடைபட்டுக் கிடக்க நேர்கிறது. இரண்டாம் நாள் குழந்தை சிணுங்கத் தொடங்குகிறது. மூன்றாம் நாள் கைப்பேசி அதன் கைக்கு வந்துவிடுகிறது.

மழை விடுமுறையில் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் கேட்பதுண்டு. இதனைப் பொழுதுபோக்குப் பற்றிய கேள்வியாக மட்டும் நாங்கள் கருதுவதில்லை. ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தை சலிப்புற்றால் சும்மா இராது, எழுந்து நடக்கும். அது நடந்து செல்லும் இடத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கலாம். மூடாத கிணறு இருக்கலாம். விளக்குக்கென எடுத்துவைத்த மண்ணெண்ணெய் இருக்கலாம். ஆகவே, குழந்தையோடு விளையாடுவது அதனை மகிழ்விக்கும் வழி மட்டுமன்று. அதனைக் காக்கும் வழியும் ஆகும்.

குழந்தைக்கு வேண்டியது

ஒரு வயது முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் நாள்தோறும் குறைந்தது 180 நிமிடங்கள் உடலசைவில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மழை பெய்வதால் இத்தேவை குறைந்துவிடுவதில்லை. மழை நாளில் குழந்தை காட்டும் பிடிவாதத்தில் பெரும்பகுதி, ஓட வேண்டிய கால்கள் ஓடாமல் இருப்பதால் வருவதே.

திரையைப் பொறுத்தவரை, ஒரு வயதுக் குழந்தைக்கு அது வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் வரையறுக்கிறது. கைப்பேசி குழந்தையை அமைதிப்படுத்துவது உண்மையே. ஆனால் அந்நேரத்தில் குழந்தையின் கால் ஓடுவதில்லை. கை எதையும் பற்றிப் பார்ப்பதில்லை. வாய் பேசிப் பழகுவதுமில்லை. வெளியூரில் இருக்கும் தந்தையோடு காணொளி அழைப்பில் சில நிமிடம் பேசுவது வேறு. சோறு ஊட்டுவதற்காகப் படம் ஓடவிடுவது வேறு.

இவ்வயதுக் குழந்தையின் கவனம் ஒரு பொருளின்மீது சில நிமிடங்களே நிலைக்கும். எனவே, ஒரே விளையாட்டு ஒரு மணி நேரம் செல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிறுசிறு விளையாட்டுகள் பலவற்றை மாற்றி மாற்றி அளியுங்கள். நேற்று ஆடியதையே இன்றும் ஆடலாம். திரும்பத் திரும்பச் செய்வதில் குழந்தை சலிப்படைவதில்லை. உணவு, பகல் தூக்கம், இரவுத் தூக்கம் ஆகியவற்றை வீட்டில் பழகிய நேரத்திலேயே வைத்துக்கொண்டால் சிணுங்கல் பாதியாகக் குறையும்.

வீட்டுப் பொருள்களே போதும்

விலை கொடுத்து வாங்கிய பொம்மைகள் வீட்டிலேயே தங்கிவிட்டன என்று வருந்த வேண்டியதில்லை. கிராமத்து வீட்டின் சமையலறையிலேயே வேண்டியவை இருக்கின்றன. படி, ஆழாக்கு, டம்ளர் ஆகியவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பிரிப்பது குழந்தையின் விரல்களுக்கும் அறிவுக்கும் ஒருங்கே பயிற்சி. பாட்டி சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டையைக் கொடுத்தால் குழந்தை அதனைத் தட்டும், உருட்டும், பிய்க்கும்.

உடலசைவுக்கு இடம் பெரிதாக வேண்டியதில்லை. தலையணைகளையும் பாயில் சுருட்டிய போர்வைகளையும் மலைபோல் குவித்து ஏறி இறங்கச் செய்யலாம். தாத்தாவின் வேட்டியை இரண்டு நாற்காலிகளுக்கிடையே கட்டினால் தவழ்ந்து நுழையும் குகை கிடைக்கும். முதுகில் உப்புமூட்டை சுமப்பது, தூணுக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்ப்பது, தவளைபோல் தத்துவது ஆகியவை எல்லாம் அந்த 180 நிமிடங்களில் சேரும்.

களைத்து அமர்ந்த நேரத்துக்கு நம் பாட்டிமார் கைவசம் வேறு விளையாட்டு இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறூட்டி, பின்பு நண்டூர்ந்து அக்குள் வரை சென்று சிரிக்கவைக்கும் விளையாட்டு அது. அடுத்து வருவது என்ன என்று காத்திருப்பதும், முகம் பார்த்துச் சிரிப்பதும், சொல்லைத் திருப்பிச் சொல்ல முயல்வதும் பேச்சு வளர்ச்சியின் படிகள். இதற்கு ஈடான செயலி எதனையும் நாங்கள் பரிந்துரைக்க இயலாது.

மழையும் ஒரு விளையாட்டுப் பொருளே. இடி மின்னல் இல்லாத வேளையில், தாழ்வாரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இறவாரத்திலிருந்து சொட்டும் நீரின்கீழ்ப் பித்தளைக் குடம், அலுமினியத் தட்டு, கொட்டாங்குச்சி, வாழையிலை ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஒலி எழுப்பும். இடி கேட்டால் உள்ளே வந்துவிட வேண்டும். கடைசி இடி முழங்கி அரை மணி நேரம் கழியும் வரை வெளியே செல்லக் கூடாது. மழை விட்டபின் முற்றத்தின் ஓடுநீரில் காகிதக் கப்பல் விடலாம். மழையில் நனைவதால் மட்டுமே சளி பிடிப்பதில்லை. அதற்குக் காரணம் வைரஸ் கிருமிகள். எனினும் ஈர உடையை உடனே மாற்றித் துவட்டிவிடுங்கள். தெருவில் தேங்கிய நீரில் மட்டும் இறங்கவிட வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும்.

தண்ணீரில் கவனம்

நாங்கள் மிகவும் அஞ்சுவது தண்ணீரையே. குழந்தையின் உடலோடு ஒப்பிட அதன் தலை கனமானது. வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாய் விழும் குழந்தையால் தானே எழ இயலாது. மூச்சுத் திணற இரண்டு அங்குல நீரே போதும். மூழ்கும் குழந்தை கத்தி அழைக்கும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் ஓசையே எழாது. தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் வாளியையும் அண்டாவையும் கவிழ்த்து வையுங்கள். ஊருக்குச் சென்ற முதல் நாளிலேயே கிணற்றுக்கும் தரைத்தொட்டிக்கும் உறுதியான மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பின்கட்டுக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ் போடுங்கள்.

அடுத்து, வாய்க்குள் போகக்கூடியவை. மழை நாளில் பெரியவர்கள் பல்லாங்குழி ஆடுவதும் வேர்க்கடலை கொறிப்பதும் இயல்பு. ஆனால் புளியங்கொட்டை, சோழி, கடலை ஆகியவை குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்க வல்லவை. குன்றிமணியோ மென்றால் நஞ்சு. ஆமணக்கு விதையும் அரளிக் கொட்டையும் அத்தகையவையே. ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணி எடுத்து வையுங்கள். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரெனப் புரையேறி இருமினால், பின்பு இருமல் நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே சென்ற பொருள் தங்கியிருக்கலாம். மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது; அது நுரையீரலுக்குள் சென்றால் தீங்கு பெருகும். உடனே 108ஐ அழையுங்கள்.

பார்ப்பவர் யார்?

விடுமுறை வீட்டில் பத்துப் பேர் இருப்பார்கள். அதுவே இடராகவும் முடியும். தாய், பாட்டி பார்த்துக்கொள்வார் என்றிருப்பார். பாட்டி, சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்றிருப்பார். சித்தப்பாவுக்கு அது தெரியாது. எனவே முறை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மணி நேரம் தாத்தா, அடுத்த மணி நேரம் அத்தை என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அந்நேரத்தில் அவருக்கு வேறு வேலை இருக்கலாகாது. கையில் கைப்பேசியும் இருக்கலாகாது. முறை முடிந்தால், "இனி நீ பார்த்துக்கொள்" என்று வாய்விட்டுச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைத்த பின்னரே எழ வேண்டும். பத்து வயது அக்காள் விளையாட்டுத் தோழியாக இருக்கலாம். காவலுக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும்.

இவ்வாறு முறை வைப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. ஆண்டில் ஓரிரு முறையே பேரக்குழந்தையைக் காணும் தாத்தாவுக்கு, அக்குழந்தை முழுமையாக அவருடையதாக இருக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. தாய்க்கும் சற்று ஓய்வு கிடைக்கிறது. இவ்விடுமுறைக்குப் புறப்படுமுன், மாற்று உடைகளோடு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் கொசுவலையும் எடுத்துவையுங்கள். ஊருக்கு அருகில் இரவிலும் இயங்கும் மருத்துவமனை எது என்று கேட்டு வையுங்கள். மழையைப் பற்றிய கவலையை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம்.