செத்த ஆட்டை அறுத்தீர்களா? டாக்டரிடம் மறைக்காதீர்கள்!

காலையில் நன்றாக மேய்ந்த ஆடு மாலையில் செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம் வடியும், அது உறையாது. வயிறு சீக்கிரமே ஊதிவிடும். இதுதான் அடைப்பான் நோய். ஆங்கில மருத்துவத்தில் ஆந்த்ராக்ஸ் என்பார்கள். ஆடு, மாட்டோடு இது நிற்பதில்லை. அறுத்தவரையும், தோலுரித்தவரையும், கறி சமைத்தவரையும் தாக்கும்.

திருவண்ணாமலைக்குப் பக்கத்திலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்நோய் கண்டவர்களுக்குச் சிகிச்சை அளித்து, மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். கிருமி மூளை உறைவரை பரவிய நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

யாருக்கு ஆபத்து அதிகம்?

பெரும்பாலும் கை, முகத்தில் சிறு கொப்புளமாகத் தொடங்கும். அது புண்ணாகி, நடுவில் கறுத்த பொருக்கு கட்டும். அதைச் சுற்றி வீங்கும். ஆனால், வலி அதிகம் இருக்காது. அதனாலேயே பலர் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். இந்த நிலையில் மருந்து எடுத்தால் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். மருந்தே எடுக்காவிட்டால் நூற்றில் 20 பேர் வரை இறக்கக்கூடும்.

கிருமி ரத்தத்தில் கலந்தால் நிலைமை மாறும். கடும் தலைவலி, வாந்தி, பிதற்றல், வலிப்பு வந்தால் மூளை உறை தாக்கப்பட்டிருக்கலாம். மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் இறங்குதல், ரத்த வாந்தி ஆகியவையும் உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள். மருந்து கிருமியைக் கொல்லும். அதற்குள் கிருமி கக்கிவிட்ட நஞ்சை முறிக்காது. தாமதம் உயிரைப் பறிப்பது இதனால்தான்.

2001-ல் அமெரிக்காவில் கடிதங்கள் வழியாக இக்கிருமி அனுப்பப்பட்டது. மூச்சு வழியாகப் பாதிக்கப்பட்ட 11 பேரில் 5 பேர் இறந்தனர். பிழைத்த 6 பேருக்கும் நோயின் தொடக்கத்திலேயே மருந்து கிடைத்திருந்தது.

'காய்ச்சல்' என்று மட்டும் சொன்னால், டாக்டருக்கு அடைப்பான் என்ற சந்தேகமே வராது. திட்டுவார்களோ என்று பயப்படாமல், "செத்த ஆட்டை அறுத்தேன்", "அந்தக் கறியைச் சாப்பிட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றும்.

செய்ய வேண்டியவை

* திடீரெனச் செத்த கால்நடையை அறுக்காதீர்கள், தோலையும் உரிக்காதீர்கள். காற்றுப் பட்டால் கிருமி விதைபோல உறைகட்டி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும்.
* நாய், காகம் அண்டாமல் பார்த்துக்கொண்டு, 1962 எண்ணுக்கோ கால்நடை மருத்துவருக்கோ தகவல் சொல்லுங்கள்.
* அவர் சொல்கிறபடி எரிக்கவோ, ஆறடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவோ வேண்டும்.
* முன்பு நோய் வந்த ஊர்களில் ஆண்டுதோறும் தடுப்பூசி அவசியம். ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் இது தயாராகிறது.

வாசகர் கேள்வி: நன்றாக வேகவைத்தால் அந்தக் கறியைச் சாப்பிடலாமா?

கூடாது. உறைகட்டிய கிருமி சாதாரணச் சமையல் சூட்டில் முழுவதும் சாகாது. அதோடு, வேகவைப்பதற்கு முன்பே, அறுத்த கையின் சிறு கீறல் வழியாக அது உடம்பில் புகுந்திருக்கும்.